உங்கள் கொப்பிகளின் மேல் இன்னொரு பெயர்

போலந்து அக்கா,

இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு பொதி வந்தது. பிரித்ததும் புது அச்சு மையின் வாசம். உங்கள் புத்தகம். அட்டையில் பேராசிரியரின் பெயர். உங்கள் பெயரைத் தேடினேன். நன்றியுரையின் கடைசிப் பந்தியில், ‘படியெடுப்பதில் உதவியவர்’ என்று போட்டிருக்கிறார். கணினி திருத்த வந்தவருக்கு ஒரு வரி முன்னால் உங்களை வைத்திருக்கிறார். வேண்டுமானால் அதற்குச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு பாட்டிலும் சுரக்குறிகளுக்கு மேலே அந்தச் சின்னக் கொக்கி. பாடுகிறவள் எங்கே மூச்செடுக்கிறாள் என்று காட்ட நீங்கள் உங்கள் குறிப்புக் கொப்பிகளில் பென்சிலால் போட்டது. உங்கள் நாட்டுக் கிராமங்களின் செத்தவீடுகளில் பெண்கள் பாடியதை ஒலிநாடாவில் பதிந்து, ஒரு பாட்டை இருபது தரம் திருப்பிக் கேட்ட பிறகுதான் அந்தக் கொக்கியைப் போடுவீர்கள். “இந்த இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. இதை விட்டால் மிச்சமெல்லாம் வெறும் கணக்கு” என்பீர்கள். பேராசிரியருக்கு அந்த மொழியில் தேத்தண்ணீர் கேட்கவும் தெரியாது.

கொலோன் நகரில் இந்த இசைக் காப்பகத்தின் நிலவறையில் நான் பட்டியல் போடுகிறவள். நீங்கள் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஆய்வாளர். தொலைபேசியில் தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் கட்டடத்தில் நாங்கள் இருவர்தான். அதனாலேயே சேர்ந்து சாப்பிடத் தொடங்கினோம் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் ஒலிப்பதிவுக் கருவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவை ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்டீர்கள். அம்மா பதறிப்போனார்.

“ஆக்கள் உயிரோட இருக்கிற வீட்டிலை அதைப் பாடக்கூடாது பிள்ளை. ஏலாது.”

நான் ஜெர்மனில் சொல்லி முடிக்கும் முன்பே கருவியை மூடிப் பையில் வைத்துவிட்டீர்கள். உங்கள் ஊர்ப் பெண்களும் இதையேதான் சொல்வார்களாம். அம்மா போனபோது கருவி இல்லாமல் வந்தீர்கள். பெண்களோடு நிலத்தில் இருந்து, பாடிய மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் எங்கள் வீட்டில் போலந்து அக்கா ஆனீர்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

உங்கள் நாற்பத்தொரு கொப்பிகளை நீங்கள் காப்பகத்திடம் ஒப்படைத்தபோது பட்டியலில் ஏற்றியது நான். ‘சேகரித்து எழுதியவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டேன். பேராசிரியர் இங்கே வந்தது அதற்குப் பிறகுதான். வந்த அடுத்த வருடம் என் மேசைக்கு வந்து, உங்கள் பெயரை எடுத்துவிட்டுத் தன் ஆய்வுத் திட்டத்தின் பெயரைப் போடச் சொன்னார். வெறும் நிர்வாக விஷயம் என்று சிரித்தார். போட்டேன்.

அவர் உங்கள் கொப்பிகளைத் தன் புத்தகமாக்கப் போகிறார் என்று தெரிந்ததும் நீங்கள் முறைப்பாடு செய்தீர்கள். விசாரணை வைத்தார்கள். “நீ மாற்றியதையும் யார் சொல்லி மாற்றினாய் என்பதையும் சொன்னால் போதும்” என்றீர்கள். கொப்பிகளில் இருப்பது உங்கள் கையெழுத்துதான், ஆனால் தன் திட்டத்துக்காக நீங்கள் படியெடுத்தவை என்றார் அவர். உங்களிடம் வேறு சாட்சி இல்லை. வீட்டில் இவரிடம் சொன்னேன்.

“உமக்கேன் உந்த வில்லங்கம்? உம்மடை வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை. அந்த விசாரணை டெர்மினுக்குப் போய்த் தெரியாதெண்டு சொல்லிப்போட்டு வாரும்.”

“ஓம்” என்றேன். பழியை இவர் மேல் போட வரவில்லை. நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை மூடிப் பிழைத்தவள்.

நீங்கள் ஒருநாளும் என்னை ஏசவில்லை. மத்தியானம் சாப்பிட நிலவறைக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டீர்கள். ஏசியிருக்கலாம், அக்கா. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருப்பது அதற்காகத்தான்.

உங்கள் இறுதிச் சடங்கில் யாரும் பாடவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ வயலின் போட்டார்கள். பேராசிரியர் உங்கள் ‘அயராத உதவி’யைப் பற்றிப் பேசினார். அம்மாவுக்கு மாமி பாடிய ஒப்பாரி எனக்கு வரிக்கு வரி தெரியும். மூன்றாவது வரிசையில் இருந்தேன். பாட எனக்குத் தகுதியில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அங்கேயும் பயந்துதான் இருந்தேன்.

இன்று பிற்பகல் உங்கள் நாட்டிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். கொப்பிகளைக் கேட்டு வாங்கி, புதுப் புத்தகத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். பிறகு என்னிடம் வந்து, இது உண்மையில் யாருடைய வேலை என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இனி என்ன பயம்? நீங்கள் இல்லை. எனக்கும் வருகிற மாதத்தோடு வேலை முடிகிறது. அவர் நான் சொன்னதை நம்பினார், முகத்தில் தெரிந்தது. ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து நான் எழுத முடியாது. அந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றி எங்கேயாவது எழுத்தில் இருக்கிறதா?”

இருக்கிறது, அக்கா. விசாரணைக் கோப்பில் இருக்கிறது. ‘அப்படி ஒரு மாற்றம் செய்ததாக எனக்கு நினைவில்லை.’ கீழே என் கையெழுத்து.