உன் பெயரில் ஓர் அட்டை

என் வீட்டு மகாராணிக்கு,

நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

தியேட்டர் வாசலில் நின்று, படம் பார்த்து வருபவர்களிடம் அட்டையில் அபிப்பிராயம் எழுதி வாங்குவதுதான் இப்போது என் வேலை. காட்சிக்கு நாற்பது அட்டை. ஓடுவது திருட்டுக் கும்பலைப் பற்றிய தமிழ்ச் சிரிப்புப் படம். சிரித்துக்கொண்டே வருகிறவர்கள் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு நழுவுகிறார்கள். சனிக்கிழமை பதினொன்றுதான் தேறியது. மீதியை நானே எழுதினேன்.

பேனாவை எடுத்தால் உங்கள் குரல்தான் வந்தது. "கதை கந்தல், ஆனா வயிறு புண்ணாயிடுச்சு" என்று மாமா சொல்வதுபோல் ஒன்று. "இப்படி ஒரு அசட்டுத் திருடனா? அப்படியே எங்க வீட்டுக்காரர்!" என்று நீ சொல்வதுபோல் ஒன்று. அதில் போன் நம்பர் கேட்ட இடத்தில், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த உன் நம்பரையே போட்டுத் தொலைத்தேன்.

வந்தது வினை. பட கம்பெனிக்காரருக்கு உன் அட்டைதான் பிடித்ததாம். "வெள்ளிக்கிழமை அந்தம்மாகிட்ட நானே பேசுறேன்" என்கிறார். பொய் என்று தெரிந்தால் வேலையும் போகும், தங்கும் அறையும் போகும். "படம் பாத்துட்டு ஊருக்கு வந்துட்டேன், விழுந்து விழுந்து சிரிச்சேன்" என்று சொல். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

போனில் சொன்னால் பதறுவாய். அதனால் நாளை ஊருக்கு வரும், நான் சாப்பிடும் மெஸ்ஸின் சமையல்காரரிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் திரும்பும்போது தைலம் கொடுத்தனுப்பு. நின்று நின்று கால் வீங்கிவிட்டது.

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்று, அடுத்தவர்கள் சிரிப்பதைத்தான் கேட்கிறேன். கம்பெனிக்காரர் உன்னைப் போனில் கூப்பிடும்போது பக்கத்தில் நான் நிற்பேன். கொஞ்சம் சத்தமாகவே சிரி.

அவசரத்தில்,
உன் அசட்டுத் திருடன்