ரிமோட்டுக்குத் தைத்த தோலுறை

மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் இன்றும் தோல் வாசம்தான் முதலில் வருகிறது. இன்று காலை அதை எடுத்து வெயிலில் வைத்தேன். ஃபேன் ரிமோட்டுக்கு நீங்கள் தைத்த உறை. நீங்கள் போன பிறகு அந்த ஃபேனையும் மாற்றியாயிற்று.

பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு சத்துவாச்சாரியில் நம் வீட்டின் முன்னறைக் கட்டிலில் கிடந்தீர்கள். விடியற்காலைக் காற்று அந்தக் கையை வலிக்கச் செய்யும். ஆனாலும் ஃபேனைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை எழுப்பமாட்டீர்கள், போர்வைக்குள் நடுங்குவீர்கள். அதற்காகத்தான் ரிமோட் ஃபேன் வாங்கினேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவருக்குப் பிளாஸ்டிக் பிடிக்குமா? "வழுக்குது. தோல் போட்டாத்தான் பிடி கெடைக்கும்" என்று ஆட்டுத்தோல் துண்டில் இடது கையால் தைத்தீர்கள். நோய்க்குப் பிறகு உங்கள் கை செய்த முதல் வேலை. பொத்தான்களுக்கு மட்டும் திறப்பு. மற்றபடி ஷூவைப் போலக் கச்சிதமாக மூடியிருந்தது.

உறை போட்ட அன்றே ஃபேன் கேட்கவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு ரிமோட்டைத் தலையணைக்கடியில் தள்ளினீர்கள்.

"ரிமோட் நல்லாத்தான் இருக்குது. என் விரல்லதான் தெம்பு இல்ல. பேஜார் பண்ணாத, நீயே போட்டு நிறுத்திக்கோ."

அந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடியவில்லை. சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டேன். பயனில்லை. புது பேட்டரி போட உறையிலிருந்து ரிமோட்டை உருவி, பழைய பேட்டரியோடு அப்படியே அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. உறைக்குள் போட்டு அழுத்தினேன், நிற்கவில்லை. அப்போதுதான் அதன் முனையிலிருந்த சின்னக் குமிழைப் பார்த்தேன். அதிலிருந்து ஒளி போனால்தான் ஃபேன் கேட்கும். அதன்மேல் அழகாகத் தோலை மடித்துத் தைத்திருந்தீர்கள்.

நீங்கள் தூங்கும்போது ஓர் ஓட்டை போட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவ்வளவு பாடுபட்டுத் தைத்ததில் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் உங்கள் விரல்மேல் போட்ட பழி அப்படியே நின்றுவிடும்.

"உங்க விரல்ல ஒண்ணும் இல்லைங்க. தோல் மறைக்குது."

"நான் வெட்டின தோலா?"

"நீங்க வெட்டினதுதான்."

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு, வாய் ஒரு பக்கமாய் இழுக்க, சிரித்தீர்கள்.

"ஷூ நடந்தா போதும் டீச்சரம்மா, அது எதையும் பாக்க வேணாம். நான் இன்னாத்த கண்டேன்! அந்தப் பொட்டிய எடு. ஐலெட் வெச்சிடலாம்."

ஷூவில் நாடா கோக்கிற பித்தளை வளையம். நான் பிடித்துக்கொண்டேன், நீங்கள் இடது கையால் சுத்தியலை அடித்தீர்கள்.

"கோணலா இருக்கு" என்றேன்.

"பேப்பர் திருத்துறத நீ விடவே மாட்டியா? காத்து வருதா, அத்தப் பாரு."

வந்தது. மறுநாள் விடியலில் ஃபேனின் சத்தம் மெல்ல இறங்கியது. விழித்துக்கொண்டதைக் காட்டிக்கொள்ளாமல் படுத்திருந்தேன்.

இப்போது என் விரல்களும் மரத்துப்போகின்றன. போன வாரம் மாத்திரைப் புட்டியின் மூடி அசையவில்லை. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டைக் கூப்பிட எழுந்தேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடிமேல் எழுதியிருந்ததைப் படித்தேன். அது அமுக்கிக்கொண்டு திருக வேண்டிய மூடி.

அமுக்கித் திருகினேன். திறந்துகொண்டது.