பின்கதவுக்கு நேராக ஒரு பால்கனி

அன்பு மகள் ஒராட்டிலேவுக்கு,

இங்கே லொபாட்ஸியில் அப்பாவும் நானும் ஆடுகளும்கூடச் சுகம், அந்தப் பனியில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்கு எந்நேரமும் விசாரம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். மகளே, பின்பக்கம் பால்கனி கட்டிவிட்டோம்! மேலே பச்சை நிழல்வலை, சுற்றிலும் கைப்பிடி, வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்திலும் அங்கே காற்று வருகிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்திருந்தேன், கோபிக்காதே. உன் மொடிரி வீட்டார் பெண் கேட்க வருகிறோம் என்று சொல்லியனுப்பியபோது அப்பா வேண்டாம் என்றுவிட்டார். பையன்மேல் குறையில்லை, ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்த பிறகு எட்டு மாதமாக அவர் பின்வாசலின் மூன்று படியைத் தாண்டவே இல்லை. "அது முற்றத்துல உட்கார்ந்து பேசற பேச்சு. நாலு பேர் தூக்கிட்டு வந்து வைக்க நான் என்ன சோள மூட்டையா?" என்றார். நான் ஒரு ராத்திரி யோசித்தேன், காலையில் சொன்னேன்: "நீங்க இறங்க வேணாம். முற்றம் உங்ககிட்ட ஏறி வரட்டும்."

பக்கத்துத் தெரு பொனோலோவைக் கூப்பிட்டேன், தச்சு வேலையும் வெல்டிங்கும் தெரிந்த கெட்டிக்காரப் பெண். கதவின் மட்டத்துக்கே பலகை போட்டாள். அப்பா மூன்று நாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் நிழலுக்கான முதல் கம்பத்தை நட்டாள், உள்ளேயிருந்து ஒரு சத்தம்: "ஏ பொண்ணு, அது குடிகாரன் மாதிரி நிக்குது!" அவள் லேசுப்பட்டவளா? "திரைக்குப் பின்னாடி இருந்து யார் வேணா சொல்லலாம் பெரியவரே, வந்து காட்டுங்க" என்றாள். சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டு நான் மாவுக் கையோடு ஓடினேன். யாரும் தள்ளாமல், தானே, கதவைத் தாண்டிப் பலகைமேல் வந்து நின்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரசமட்டத்தை வாங்கிக் கம்பத்தில் வைத்துப் பார்த்தால், நிஜமாகவே ஒரு விரல் சாய்வு! பொனோலோ சிரித்துவிட்டு, "சாப்பாடு மட்டும்தான் மேஸ்திரி, சம்பளம் கிடையாது" என்றாள். அன்றிலிருந்து மேலே போகும் சட்டங்களையெல்லாம் மடியில் பலகை வைத்து அவரேதான் அறுத்தார். சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை, தாடியெல்லாம் மரத்தூள். கைப்பிடி விஷயத்தில்தான் எங்களுக்குச் சண்டை. உருண்டு விழுந்துவிடுவாரோ என்று உயரமாக வைக்கச் சொன்னேன், "என்னைக் கம்பி எண்ண வைக்கப் பார்க்கிறியா?" என்று கத்தினார். கடைசியில் அவர் சொன்ன உயரம்தான்.

மொடிரி வீட்டாரை வரச் சொல்லியனுப்பினோம், சனிக்கிழமை விடிந்ததும் வந்தார்கள், ஆறு பேர். கோட்டுப் போட்டுக்கொண்டு உன் மாமா மொசெகி வாசலில் எதிர்கொண்டார். அப்பா பழுப்புக் கோட்டில், பால்கனி நடுவில், ஒரு தலைவர் மாதிரி இருந்தார், சத்தியமாக. அவர்களில் பெரியவர் தொண்டையைச் செருமி, முறைப்படி, பெண் என்று வாய்விட்டுச் சொல்லாமல், ஒரு குடுவைத் தண்ணீர் கேட்டு வந்திருக்கிறோம் என்றார். கேட்டுக்கொண்டோம், யோசித்துச் சொல்லியனுப்புகிறோம் என்று மாமாதான் பதில் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியுமே. மொசெகி வாயைத் திறப்பதற்குள் அப்பா, "தண்ணி தாராளமா இருக்கு. ஆனா குடுவை கனடாவுல இருக்கு, அதைக் கேட்காம எப்படிக் கொடுக்கிறது?" என்றுவிட்டார்! பெண்கள் குலவையிட்டார்கள், அந்தப் பெரியவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மொசெகிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "மாமான்னு ஒரு வாட்டி பேச முப்பது வருஷமா காத்திருந்தேன், என் பேச்சையும் சேர்த்து விழுங்கிட்டாரே" என்று இடித்த இறைச்சி மூன்று தட்டு ஆகும்வரை புலம்பினார். நீ அவருக்கு ஒரு வார்த்தை நன்றியாகச் சொல்லிவிடு.

பொனோலோவுக்கு ஒரு நல்ல சால்வை அனுப்பு, அந்த ஊரில் நல்லதாகக் கிடைக்குமாமே. ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே.

உன் பதில் என்ன என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அப்பாவிடம் உன் வாயால் சொல்ல வேண்டும், அவர் காத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் சமைக்கிற நேரத்தில் மட்டும் கூப்பிட்டுவிடாதே, நீ சரி என்று சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

நீ போகும் இடமெல்லாம் உன்மேல் நல்ல மழையாகப் பெய்யட்டும், மகளே.

உன் அம்மா,
கலாலெட்ஸாங்