பாதி அளந்த கண்ணாடி

இன்று காலை சன்னல் கண்ணாடியில் உப்புக்காற்று படிந்திருந்தது. துடைக்கலாம் என்று வெந்நீரில் சலவைச் சோடாவைப் போட்டேன். அந்த வாடை எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய் ஆறு வருடமாகிறது. நேரில் சொல்ல எனக்கு முப்பது வருடம் இருந்தது, சொல்லவில்லை.

நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம். நீங்கள் மலை மேல் வானாய்வுக்கூடத்தில், நான் பாம்பனில் என் அய்யா வீட்டில். வருடத்துக்குப் பதினைந்து நாள்தான் லீவு. அந்தத் தடவை நீங்கள் தனியாக வரவில்லை, எனக்கொரு சக்களத்தியையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். போஸ்ட் கார்டு அளவில் ஒரு கண்ணாடித் தகடு. மூன்று ராத்திரி ஒரே நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பிடித்து, அதன் ஒளியைப் பிரித்துப் பதித்ததாம். இரும்பு முதலான உலோகங்கள் மிகக் குறைந்த, ரொம்பப் பழைய நட்சத்திரமாம். அதில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சிவப்பு விழும் ஓரத்தில் மயிர் போல ஒரு கோட்டைக் காட்டினீர்கள். “இதத்தான் அளக்கணும். நேரா வச்சு ஒரு தடவ, திருப்பி வச்சு ஒரு தடவ. ரெண்டும் ஒத்துவந்தாத்தான் ஒத்துக்குவாக.”

அந்த வாரம் கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழா. அண்ணன் வள்ளத்தில் நமக்கும் இடம் வைத்திருந்தார். இந்த ஒரு தடவை போவோம் என்று கெஞ்சினேன். தகட்டை அளக்கக் கூடவே கொண்டுவந்த நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த வருசம் பார்ப்போம் என்றீர்கள். வள்ளம் நாம் இல்லாமலே போனது.

திரும்பி வந்த அண்ணன் எனக்கு ஒரு அந்தோணியார் படம் கொடுத்தார். மறுநாள், நேராக வைத்து அளந்து முடித்த சந்தோஷத்தில் நீங்கள் முடிவெட்டிக்கொள்ளப் போனீர்கள். நான் தகட்டைச் சோடா வெந்நீரில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். சிவப்பு ஓரத்திலிருந்துதான் தொடங்கினேன். துடைத்து, படத்தின் மேல் வைத்துச் சட்டத்தில் செருகி மாட்டினேன்.

வந்து சுவரைப் பார்த்தீர்கள். வெறும் துணியைப் பார்த்தீர்கள். துணியை மடித்து வைத்துவிட்டு, “தெரியாமத்தான செஞ்ச?” என்றீர்கள்.

“ஆமாங்க. பழைய கண்ணாடின்னு நெனச்சிட்டேன்.”

தகடு ரயிலில் உடைந்துவிட்டதாக மலையில் சொன்னீர்கள். பாதி அளவை யாரும் ஏற்கவில்லை. உங்களைத் தொலைநோக்கிப் பக்கம் மறுபடி விடவுமில்லை. ஓய்வு பெறும்வரை மழையளவு எழுதினீர்கள். வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நீங்களே முந்திக்கொண்டு, “பாவம், அவளுக்கு என்ன தெரியும்” என்பீர்கள்.

எங்கேயோ வெளிநாட்டில் பழைய நட்சத்திரங்களில் லித்தியத்தை அளந்துவிட்டார்கள் என்று பேப்பரில் செய்தி வந்த அன்று, எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். குரலில் கோபமே இல்லை. அன்றாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கஞ்சி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தெரிந்துதான் கழுவினேன். நீங்கள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டி, அழுது, அன்றைக்கே தீர்த்திருப்பேன். நீங்கள் இரக்கப்பட்டீர்கள். முப்பது வருடம் அந்த இரக்கத்தை வாங்கித் தின்றேன். இன்னும் செரிக்கவில்லை.