மழைநீரில் கழுவிய வெள்ளை மண்

அன்பு நண்பருக்கு,

இன்று காலை இண்டூரில், எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். மேலே வந்த கூடையில் ஒரு வெள்ளைக் கட்டி. எடுத்துப் பார்த்தேன்; பொரியைப் போல எடையே இல்லை. நாக்கில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. உடனே உங்கள் நினைவுதான்.

யுத்தம் நடந்த வருஷங்கள். தருமபுரிப் பள்ளியில் நீங்கள் விஞ்ஞான வாத்தியார், நான் சித்திர வாத்தியார். இதே போன்ற கட்டியோடு வந்து, "வாத்தியாரே, இது மண்ணில்லீங்க, கண்ணாடிக் கடை" என்றீர்கள். டயாட்டம் என்று ஒரு பாசி, கண்ணுக்குத் தெரியாது. தன்னைச் சுற்றிக் கண்ணாடி போல ஓடு கட்டிக்கொள்ளும். பாசி செத்தாலும் ஓடு அழியாது. என்றோ இங்கிருந்த ஏரியின் அடியில் அந்த ஓடுகள் படிந்து படிந்துதான் இந்தக் கட்டி.

அமிலத்தில் காய்ச்சி, பலமுறை கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். படகு, சீப்பு, இட்லித் தட்டு என்று எத்தனை வடிவம்! நான் வரைய, நீங்கள் புத்தகப் படங்களோடு ஒத்துப் பார்த்தீர்கள். ஒன்று மட்டும் எதிலும் அடங்கவில்லை. வெள்ளரி விதை போன்ற ஓடு. ஓர் ஓரத்தில் மட்டும் கடித்தெடுத்தது போல ஒரு பள்ளம்.

"புதுசுங்க! யாருமே பாக்காத புதுசு!"

சென்னைப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்ப அந்தக் கண்ணாடி ஸ்லைடைப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்த நீங்கள் சட்டென்று நிறுத்தினீர்கள்.

"எந்தத் தண்ணியில கழுவுனோம்?"

"பானைத் தண்ணிதான்."

"அது ஏரித் தண்ணியாச்சே! அதுலயும் இந்தப் பாசி இருக்குமே. இது மண்ணுல இருந்ததா, தண்ணியில வந்ததா?"

உங்கள் முகம் வாடிவிட்டது. தண்ணீரைக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கும் கண்ணாடிக் கருவி உடைந்து கிடந்தது. யுத்த காலத்தில் புதிது ஏது? "வானத்துத் தண்ணிதாங்க நமக்கு" என்று மேகத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

மழை வந்தது, பாடவேளையில்! ஆளுக்கொரு எனாமல் வட்டிலோடு மைதானத்துக்கு ஓடினோம். தலைமையாசிரியர் தாழ்வாரத்திலிருந்து கத்தினார்: "ஏனுங்க, என்ன கூத்து இது? கூரையில வழியற தண்ணி பத்தலையா?"

"அது அழுக்குங்க சார், அதான் நேரா புடிக்கிறோம்!"

வேறொரு கட்டியின் மேற்புறத்தைச் சுரண்டித் தள்ளி, உள்மண்ணை மட்டும் எடுத்துக் காய்ச்சி, மழைநீரில் கழுவினோம். முதல் ஸ்லைடில் காணோம். அடுத்ததிலும் காணோம். மூன்றாவதை வைத்தீர்கள். பிறகு, கண்ணை எடுக்காமலே என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"வாத்தியாரே... கடிச்ச ஓரம்! இருக்குதுங்க, மண்ணுலதான் இருக்குது!"

தாம் அறிந்த எந்த இனத்தோடும் இது பொருந்தவில்லை, புதியதே என்று பேராசிரியர் எழுதியபோதுகூட நீங்கள் அவ்வளவு மகிழவில்லை.

அன்றைக்குப் பிறகு எதைக் கேட்டாலும், எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஒருவரைப் பற்றி யாராவது குறை சொன்னால், அது அவரிடம் இருந்ததா, சொல்பவர் வாயில் வந்ததா என்று யோசிக்கிறேன். எனக்கே ஓர் எண்ணம் தோன்றினாலும் அப்படித்தான்.

வெள்ளைக் கட்டி மேசைமேல் இருக்கிறது. மேல்மண்ணைச் சுரண்டிவிட்டேன். வத்தல்மலைப் பக்கம் மேகம் கறுத்து வருகிறது, நண்பரே. வட்டிலை வெட்டவெளியில் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.