பழைய கிளப்புக்குக் கை தூக்குவது

ஃபென்னர்பி,
மே மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் ஹேசலுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் இங்கே சுகம். அப்பாவின் முழங்கால்கள் இரண்டும் மட்டும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு சோபாவில் நீட்டிப் படுத்திருக்கின்றன, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். நீயும் நீ வைத்தியம் பார்க்கிற நியூசிலாந்து ஆடுகளும் குளிர் தொடங்குவதற்குள் தெம்பாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "அப்படி நடக்கல, இப்படி நடந்துச்சு" என்று வரிக்கு வரி திருத்தம் சொல்வார். கடிதத்தில்தான் எனக்கு எதிர்க்கட்சி கிடையாது. அதனால் ஒரு டீயைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

போன மாதம் நம் கால்பந்து அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அதற்குப் பிறகு நம் சேர்மன் கிளக்ஸ்டன் உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிக்கை விட்டார். கோச் லென் டாஸ்கர் மீது, அதாவது உன் அப்பா மீது, நிர்வாகத்துக்கு முழு நம்பிக்கை இருக்கிறதாம். நிஜமாகவே நம்பிக்கை வைத்திருக்கிற சேர்மன் அதைப் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருப்பாரா? இந்த நாட்டில் முழு நம்பிக்கை என்று அச்சில் வந்துவிட்டால் அந்தக் கோச் பெட்டி கட்ட வேண்டியதுதான். நான் நேரே பரணில் ஏறி அட்டைப் பெட்டிகளை இறக்கிவிட்டேன். அவற்றை நீ மறந்திருக்க மாட்டாய், ஒவ்வொன்றின் மேலும் "சமையலறை" என்று எழுதி, அடித்து, "ஹேசல் பொம்மை" என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடி "சமையலறை" என்று எழுதியிருக்கும். நான் பெட்டியோடு ஏணியில் நிற்கும்போதே பக்கத்து வீட்டு பெரில் துணி மூடிய பாத்திரத்தில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ எடுத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்துவிட்டாள். "அடிப் பாவமே, முழு நம்பிக்கை வச்சுட்டாங்களாமே" என்றாள். ஆறுதல் சொல்கிற வாய் சொல்லிக்கொண்டிருக்க, கண் மட்டும் ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் இருந்தது. "நீ ஒண்ணும் கவலப்படாத, நீங்க போன பிறகு அந்த ருபார்ப்புக்குத் தண்ணி ஊத்துறது என் பொறுப்பு" என்றாள்.

என் வயிற்றெரிச்சல் அந்த ருபார்ப் செடிதான் மகளே. அது நட்ட முதல் வருடம் தண்டைப் பறிக்கக் கூடாது, வேர் பிடிக்க விட்டு அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். நான் போன வீட்டிலெல்லாம் ருபார்ப் நட்டேன். எந்த வீட்டிலும் அடுத்த வசந்தத்தை நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் குடிவந்த யார் யாரோ அதைப் பறித்துச் சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்குப் பாதி முழுக்க என் ருபார்ப்பைத் தின்று வளர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன, ஒருவரும் நன்றிக் கடிதம் போட்டதில்லை. இந்த வீட்டில் போன இலையுதிர்காலத்தில் நட்டது. போன சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம், ஜெயித்தால் இந்த டிவிஷனிலேயே நிற்போம், அப்பாவுக்கு வேலை இருக்கும். டிரா செய்தால்கூடக் கீழே இறங்குவோம், அப்பா வீட்டுக்கு, கிளப் கொடுத்த இந்த வீடு சேர்மனுக்கு, ருபார்ப் பெரிலுக்கு. விவகாரம் அவ்வளவுதான்.

எதிரணி யார் தெரியுமா, ஓக்கர்டன் ரோவர்ஸ். நீ பிறந்த ஊர். அப்பாவின் ஏழாவது கிளப்போ எட்டாவதோ, எனக்கே குழப்பம், அந்த வேன் விவகாரத்துக்கு முன்னாலா பின்னாலா என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வேன் கதை உனக்குச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, ஒரு கிளப் உன் அப்பாவைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு இன்னொரு கிளப்பின் பழைய வேனை வாங்கிக்கொண்டது. அந்த சீசனில் வேன் அவரைவிட அதிக ஆட்டங்களுக்குப் போனது. மொத்தம் பதிமூன்று கிளப் மகளே. வாழ்நாளில் அவர் போட்ட கோல்களில் பாதி முழங்காலில் பட்டுப் போனவை, மீதியில் பாதி அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் போனவை. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது, அந்த ரசிகர்களைப் பார்த்து இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு நேரே தூக்கி, தலையைக் குனிந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நிற்க வேண்டும். எல்லா ஆட்டக்காரர்களும் செய்வதுதான், ஆனால் மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு பழைய கிளப் இருக்கும். உன் அப்பாவுக்கு டிவிஷனில் பாதி பழைய கிளப். எங்கே போனாலும் கோலைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பார். ஒரு மாதம் இரவலுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த கிளப்புக்குக்கூடக் கை தூக்கினார், அந்த ரசிகர்கள் "யாருப்பா இந்தாளு, எதுக்கு நம்மகிட்ட சாரி கேக்குறான்?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடிய காலம் முழுக்க அவர் ஒரு கோலுக்கும் குதித்து நான் பார்த்ததில்லை.

கோச் ஆன பிறகு இதைப் பாடமாகவே நடத்துகிறார். நம் அணியின் முன்வரிசையில் வெஸ் ஸ்ப்ராட் இருக்கிறானே, கதவு அகலத்துக்கு ஒருவன், போன கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு நாற்காலியை உடைத்தவன், அவனும் ஊர் ஊராகச் சுற்றியவன், அவனும் ஓக்கர்டனில் இரண்டு வருடம் ஆடியவன். வியாழக்கிழமை பயிற்சியில் அப்பா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "சனிக்கிழமை நீ கோல் போட்டா மரியாதையா நடந்துக்க வெஸ், அவங்க நமக்குச் சோறு போட்டவங்க" என்றாராம். அவனும் "சரி தல" என்றானாம். இந்த மனுஷருக்கு வேலை போகப்போகிறது, அவருக்கு மரியாதைதான் கவலை.

சனிக்கிழமை நல்ல மழை. மைதானம் சேறாகிக் கிடந்தது. நான் வழக்கம்போல மைதானத்து டீக்கடையில் விற்க நின்றேன், வழக்கம்போல முதல் தட்டு இறைச்சி ‘பை’யைக் கருக்கினேன், வழக்கம்போல அதைத்தான் சனம் முதலில் வாங்கிப்போனது. கழுத்தில் என் மப்ளர். கிளப் மாறும்போதெல்லாம் புதிதாகப் பின்னச் சோம்பல்பட்டு அடியில் ஒரு நிறம் சேர்த்துக்கொண்டே போனேனே, அது இப்போது என்னை மூன்று சுற்றுச் சுற்றுகிறது. பெரில் அதைப் பார்த்துவிட்டு, "நீ இன்னிக்கு எந்தப் பக்கம்னு மப்ளர்ல இருந்து கண்டுபிடிக்க முடியலியே" என்றாள். நான் ருபார்ப் பக்கம் என்றேன்.

ஆட்டம் முடியப்போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் கெட்டிலைக்கூட அணைத்துவிட்டேன். கடைசியாக ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வருகிறது, கோலுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள், வெஸ்ஸை யாரோ சுழற்றிவிட்டதில் அவன் பந்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறான், பந்து அவன் பின்பக்கத்தில் தொப்பென்று அடித்து உள்ளே போய்விட்டது. கோல்! நான் கையிலிருந்த இறைச்சி ‘பை’யைப் பெரில் மேல் போட்டுவிட்டேன். ஆனால் பார், அந்தக் கோலுக்குப் பின்னாலேயே ஓக்கர்டன் ரசிகர்கள் நிற்கிறார்கள். வெஸ் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தான். வியாழக்கிழமைப் பாடம் ஞாபகம் வந்துவிட்டது பிள்ளைக்கு. இரண்டு உள்ளங்கையையும் தூக்கி, தலையைக் குனிந்து, அப்படியே நின்றுவிட்டான்.

ஓடிவந்த நம் ஆட்கள் பாதியிலேயே நின்றார்கள். பந்து கையில் பட்டது, பயலே ஒத்துக்கொள்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஓக்கர்டன் கோல்கீப்பர் கெட்டிக்காரன், உடனே நடுவரிடம் ஓடி, "பாருங்க சார், அவனே கையக் காட்டுறான், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்!" என்று கத்தினான். நடுவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது, கோட்டோரம் கொடி பிடித்து நின்றவரைப் பார்த்தார், அவர் உதட்டைப் பிதுக்கினார். விசில் வாய்க்குப் போகிறது. வெஸ் இன்னும் தலையைத் தூக்கவில்லை, அவ்வளவு மரியாதை. எனக்கு என் அட்டைப் பெட்டிகள் கண் முன்னால் வரிசையாக வந்தன.

அப்போதுதான் உன் அப்பா ஓடினார். கோச் மைதானத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது, அது அவருக்கும் தெரியும். வாசலில் பஸ் போகும்போதுகூட ஓடாத மனுஷர், அடுத்த பஸ் வரும் என்பவர், போட்டிருந்த கோட்டு பறக்கச் சேற்றில் சளக் சளக் என்று ஓடிப்போய் நடுவருக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "சார், அது கையில்ல சார், மரியாதை!" என்றார். நடுவர் "என்னய்யா சொல்ற?" என்றார். அப்பா வெஸ்ஸின் தோளைப் பிடித்துத் திருப்பி அவன் பின்பக்கத்தைக் காட்டினார். வெள்ளை டவுசர் அல்லவா, நட்டநடுவில் பந்தளவுக்கு வட்டமாகச் சேற்று முத்திரை, பந்தின் தையல் கோடுகூடத் தெரிகிறது. அத்தனை சனத்துக்கு முன்னால் நடுவர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். வெஸ் அப்போதும் கையை இறக்கவில்லை, "தல, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று கேட்டானாம். நடுவர் நிமிர்ந்து, மைதானத்தின் நடுவைக் கை காட்டினார். கோல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டாய். பதிமூன்று கிளப்பிலும் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது. உன் அப்பா குதித்தார். கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். அது போதாதென்று ஓக்கர்டன் ரசிகர்களை நோக்கி ஓடி, இருபது வயதுப் பயல்கள் செய்வதுபோல இரண்டு முழங்காலிலும் சறுக்கினார். சறுக்கியதெல்லாம் சரிதான், எழுந்திருக்க முடியவில்லை. நடுவர் வந்து மஞ்சள் அட்டையைக் காட்டும்போது மண்டியிட்டுத்தான் இருந்தார், ஏதோ ஆசீர்வாதம் வாங்குகிறவர் மாதிரி. வெஸ்ஸும் இன்னொருவனும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போனார்கள். ஓக்கர்டன் கூட்டத்தில் ஒரு கிழவர், "ஏன்டா டாஸ்கர், எங்களுக்கு ஆடுனப்ப ஒரு நாளாச்சும் இப்படிக் குதிச்சியாடா?" என்று கத்தினார், உடனே அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. அவர்களுக்கென்ன, தோற்றாலும் கீழே இறங்காத அளவுக்கு எப்போதோ கரையேறிவிட்டவர்கள்.

ஆனால் நான் இன்னும் நம்பவில்லை. ஜெயித்த பிறகும் துரத்தியிருக்கிறார்கள், நாம் பார்க்காததா. ஆட்டம் முடிந்து சேர்மன் கிளக்ஸ்டன் டீக்கடைக்கு வந்தார், அப்பா ஒரு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சேர்மன் வாயைத் திறந்தார். முழு நம்பிக்கை என்று மட்டும் சொல்லிவிடாதே மனுஷா என்று நான் சர்க்கரை டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே பார்த்தார், சொட்டுகிற தண்ணீர் அவர் டீக்குள்ளேயே விழுந்தது. "லென், இந்தக் கூரை ஒழுகுதுய்யா. அடுத்த சீசன் தொடங்குறதுக்குள்ள யாரையாவது பிடிச்சுச் சரி பண்ணிடு" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். பாராட்டு இல்லை, கைகுலுக்கல் இல்லை. அடுத்த சீசன் கூரையை ஒருவனிடம் ஒப்படைக்கிறார் என்றால் அவனை அனுப்பப்போவதில்லை என்றுதானே அர்த்தம்? பெரிலுக்கும் புரிந்தது. "அப்ப ருபார்ப்பு?" என்றாள், குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஒரு கட்டு உனக்குத் தருகிறேன் என்றேன், தருவேன், ஒல்லியான தண்டாகப் பார்த்து.

நேற்றுக் காலை பெட்டிகளைப் பரணில் ஏற்ற எடுத்தேன், பிறகு எதற்கு என்று தோன்றியது, எல்லாவற்றையும் மடித்துப் பழைய காகிதத்தோடு வெளியே வைத்துவிட்டேன். கடைசிப் பெட்டியை மடிக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து வாசற்படியில் நிற்கிறார். பெட்டி மேல் நான் எழுதி எழுதி அடித்திருந்ததையெல்லாம் படித்தார் போலிருக்கிறது. இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு நேரே தூக்கி, தலையைக் குனிந்து நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்துக்கொண்டது. "கைய இறக்கு மனுஷா, அது பழைய கிளப்புக்குத்தானே செய்யணும், நான் இன்னும் நடப்பு கிளப்பு" என்றேன். "உனக்கு எதிரா நான் போட்ட கோல் கொஞ்சமா?" என்றார். அவருக்கு எப்போதாவது ஒருமுறைதான் இப்படி நல்ல வார்த்தை வரும், அதுவும் பின்பக்கத்தில் பட்டுப் போகிற கோல் மாதிரி, அவருக்கே தெரியாமல்.

சரி, கை வலிக்கிறது. குளிரில் ஆட்டுத் தொழுவத்துக்குப் போகும்போது காதை மூடிக்கொள், ஆட்டுக்குக் கம்பளி அதுவாக முளைக்கும், உனக்கு முளைக்காது. மப்ளரை உனக்கு அனுப்பலாம் என்று பார்க்கிறேன், இனி அதில் நிறம் சேர்க்க வேண்டியதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா போன் செய்து நடந்ததைச் சொல்வார், முதல்முறை கேட்பதுபோலக் கேள், முழங்காலில் சறுக்கியதை அவர் "கொஞ்சம் வழுக்கிடுச்சு" என்பார், அதையும் நம்புவதுபோல நம்பு. அடுத்த வசந்தத்தில் கட்டாயம் வா, தண்டு சிவந்து நிற்கும், முதல் பறிப்பு உன் கையால்தான். நீ வருவாய் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை என்று எழுதப்போனேன், பயமாக இருந்தது, அடித்துவிட்டேன். வா, அவ்வளவுதான்.

எங்கள் இருவரின் ஆசியும் முத்தமும் உன்னோடு. நீ எடுத்த காரியமெல்லாம் எந்தப் பக்கத்தில் பட்டாவது வலைக்குள் போகட்டும்.

இப்படிக்கு,
ஃபென்னர்பியிலேயே இருக்கப்போகிற உன் அம்மா,
மார்ஜரி டாஸ்கர்.