அண்ணனுக்கு ஒரு நீச்சல் உடை

ஜூன் 4

அன்புள்ள வாண்டு,

நலம். பள்ளிக்கூடத்தில் இருந்தவரை, கடிதம் எழுதாததற்கு ‘பேப்பர் திருத்தணும்’ என்பாய். ஓய்வு பெற்றாயிற்று, இப்போது எதைத் திருத்துகிறாய்?

ஒரு விஷயம், யாரிடமும் சொல்லாதே. காலை நடையில் ஒரு நீச்சல் குளம் வருகிறது. வேலிக்கு வெளியே நின்று தண்ணீரையே பார்க்கிறேன். வங்கி மேலாளராக இருந்த காலமெல்லாம் எனக்குத் தண்ணீர் என்றால் குடிக்க மட்டும்தான். இப்போது இறங்க வேண்டும் போல இருக்கிறது. ஒன்றும் முடிவு செய்யவில்லை. சும்மா ஒரு ஆசை. நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

உன் அண்ணன்

ஜூன் 11

அன்புள்ள அண்ணா,

ஆசைப்பட்டால் மட்டும் போதுமா? அந்தக் குளத்துக்கே ஃபோன் செய்து உன்னை வகுப்பில் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு முதல் பாடம். நீச்சல் உடை பார்சலில் வருகிறது. நீ ஒழுங்காகப் போகிறாயா என்று உன் மருமகள் பார்த்துக்கொள்வாள். டிசம்பரில் முதியோர் நீச்சல் போட்டி. உன் பெயரைக் கொடுத்தாயிற்று. கைதட்டச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள்.

இத்துடன் உள்ள அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொள்.

அன்புடன்,
வாண்டு

ஜூன் 25

வாண்டு,

பார்சலைச் சம்பந்தி எதிரிலேயே மருமகள் பிரித்துவிட்டாள். “மாமா, அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாருங்களேன்!” பெரியப்பா மகன் ஃபோன் செய்து, “என்னடா, மெடல் எப்ப?” என்கிறான்.

வகுப்புக்கும் போனேன். இறங்கினேன். விசில் சத்தத்துக்குக் கையைக் காலை ஆட்டினேன். எப்போது முடியும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நடைக்கு வேறு தெரு வழியாகப் போகிறேன்.

நல்லது நினைத்துத்தான் செய்திருப்பாய். ஆனாலும் ஏன் இத்தனை அவசரம்? ஜூலை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேசி முடித்துக்கொள்வோம்.

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

நல்லது நினைக்கவில்லை. பழி வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு எதுவுமே பிடிக்காமல் கிடந்தேன். முதன்முதலாக ஒரு ஆசை எட்டிப் பார்த்தது, படம் வரைய. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். ஒரே வாரத்தில் நீ பிடித்த ஓவிய மாஸ்டர், அட்டவணை எல்லாம் வந்தது. மூன்று படம் முடிவதற்குள் கண்காட்சிக்கு ஹால் பிடித்தாய். உன் வங்கிக்காரர்கள் “இது மாடா, மலையா?” என்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதன் பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் சில பெண்கள் அரை மனதாகக் கை தூக்குவார்கள். பார்க்காதது போல இருந்துவிட வேண்டும். நாலு நாள் போனால் தானாகவே எழுந்து பேசுவார்கள். உடனே “எழுந்து சொல்லு” என்றால், அந்தக் கை மறுபடி மேலே வராது. இதை வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பாய்.

வேறு தெருவில் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை வராதே. உன்னை மன்னித்தால் என்ன என்று இன்று காலை லேசாக ஒரு எண்ணம் வந்தது. எப்போது என்று கேட்காதே. நாள் குறிக்காதே. மருமகளிடம் மூச்சு விடாதே.

தங்கை